உதயகிரிக் கோட்டையில் உறங்கும் பெரிய கப்பித்தான்

ஐரோப்பாவின் இடைக்காலச் சரித்திரத்தைக் கற்போர், அந்நாளைய அத்தியட்சர் சிலர் வாழ்ந்த மனைகளைப்பற்றிப் படிக்குங்கால் சற்றே திகைப்பெய்துவர். மந்தையை மேய்க்கும் நல்லாயர்களாய் இருக்க வேண்டியவர்கள் பெருநிலக்கிழாருமாய், சில வேளைகளிற் படை நடத்துவோருமாய் இருந்தமையின், அவர்தம் இல்லங்கள் மதிலும் கொத்தளமும் சூழ்ந்த அரண்களாகவே எழுந்தன. இங்கிலாந்தில் வின்செஸ்டர் நகரத்தே பன்னிரண்டாம் நூற்றாண்டில் ஹென்றி என்னும் அத்தியட்சர் பெருக்கிக் கட்டிய உல்வ்சி மாளிகை இன்று கூரையிழந்த சுவர்களாய் நிற்கின்றது. வேல்ஸ் நாட்டில் தூய தாவீதின் பேராலயத்தருகே உள்ள அத்தியட்சர் மாளிகையும் அவ்வாறே பாழ்பட்டுக் கிடக்கின்றது. ஜெபம் செய்யுமிடமும் வாளைக் கூர்தீட்டுமிடமும் ஒரே மதிலுக்குள் அமைந்தால் அவற்றினிடையே வாழும் மனிதன் யாருக்கு உண்மையாயிருப்பான் என்னும் வினா அவ்விடிபாடுகளைக் காண்போர்க்கு எழாதிராது.

அவ்வினாவை எழுப்பும் இடிபாடு ஒன்று நம் குமரி மாவட்டத்திலும் உண்டு. மணவாளக்குறிச்சியினின்று வடக்கே திங்கட்சந்தை வழியாகத் தக்கலையை அடைந்து, நாகர்கோவில் செல்லும் பெருவழியிற் சிறிது கிழக்கே போந்தால், புலியூர்க்குறிச்சியில் உதயகிரிக் கோட்டையின் கருங்கல் மதில்களைக் காணலாம். ஏறத்தாழத் தொண்ணூறு ஏக்கர் நிலத்தையும் ஒரு குன்றையும் தன்னுள் அடக்கியது அக்கோட்டை. அதனுள்ளே மரநிழலில், கூரையற்று நிற்கின்றது ஒரு சிற்றாலயம். அத்தியட்சர் எவரும் அங்கு வாழ்ந்தாரல்லர். அங்கே மனைவியோடும் மகனோடும் அடக்கம் பெற்றிருப்பவர் ஒரு போர்வீரர். நாட்டு மக்கள் அவரை வலிய கப்பித்தான், அதாவது பெரிய கப்பித்தான், என்று அழைத்தனர். கோட்டையையே டிலனாய்க் கோட்டை என்று சுட்டுவோரும் உளர்.

யூஸ்தாக்கியுஸ் பெனடிக்துஸ் டிலனாய் என்பது அவர் முழுப்பெயர். அவரை ஒல்லாந்தர் என்றே நம் பாடநூல்கள் கூறிச் செல்கின்றன. ஆயின் அவர் பிறந்தது பிரெஞ்சு நாட்டின் வடபால் உள்ள அர்ராஸ் என்னும் பழைய நகரத்தில். அதுவும் ஓர் அத்தியட்சரின் இருக்கை. கல்லறைக் கல்லில் வெட்டியுள்ள கணக்குப்படி அவர் 1777-ம் ஆண்டு ஜூன் மாதம் முதல் தேதி இறந்தபோது அவருக்கு வயது அறுபத்திரண்டும் மாதம் ஐந்தும் ஆதலின், 1714-ம் ஆண்டு முடிந்து 1715 பிறக்கும் வேளையை ஒட்டி அவர் பிறந்தனராதல் வேண்டும். ரோமன் கத்தோலிக்க சமயத்தில் வளர்ந்தவர். புராட்டஸ்டண்டுகளாகிய ஒல்லாந்தரின் கிழக்கிந்தியக் கும்பினியிற் சேவகம் பூண்டு கீழ்த்திசைக்கு வந்தார். வயிற்றுப்பாட்டிற்காகப் பல தேசத்து இளைஞரும் அக்கும்பினியிற் சேர்ந்த காலம் அது. கும்பினியும் சமயத்தைவிடத் தோள்வலியையே பெரிதும் நோக்கிற்று.

அக்கும்பினி 1602-ம் ஆண்டில் தோன்றியது. கொல்லம், கொடுங்கல்லூர், கொச்சி ஆகிய துறைகளைப் பறங்கியரிடமிருந்து பதினேழாம் நூற்றாண்டின் இடையிலே கைப்பற்றி, மலையாளக் கரையின் மிளகைத் தன் ஏகபோகமாக்க முயன்றது. மிளகு விளையும் நாடுகளோ பல சிற்றரசரிடையே சிதறிக் கிடந்தன. ஆண்டவர் பலராய் இருக்கும்வரை விலையைக் கும்பினியே வகுத்தது. இந்நிலையில் 1729-ம் ஆண்டு வேணாட்டு அரியணை ஏறிய மார்த்தாண்ட வர்மர், அச்சிற்றரசுகளை ஒவ்வொன்றாகத் தம் ஆட்சியின்கீழ்க் கொணரத் தொடங்கினார். இலங்கையிற் கும்பினியின் ஆளுநராயிருந்த வான் இம்ஹாஃப் இதனைக் கண்டு பொறாது, 1739-ல் மன்னரை நேரிற் கண்டு அச்சுறுத்திப் பார்த்தார். அதற்கு மன்னர், தம் முக்குவரையும் அவர்தம் வள்ளங்களையும் திரட்டிக்கொண்டு ஐரோப்பாவின்மேற் படையெடுக்கத் தாமும் எண்ணியிருப்பதாக விடையிறுத்தார் என்று சொல்வர். அது நகைச்சுவையாகவே கூறப்பட்டிருக்கலாம். எனினும் குளச்சற் கரையில் நேர்ந்ததை அறிந்தோர் அதனை வெறும் நகைச்சுவையென்று கொள்ளார்.

குளச்சல் நம் மணவாளக்குறிச்சிக்கு மேற்கே, மண்டைக்காட்டைக் கடந்து, சில மைல் தொலைவிலே உள்ள துறை. இலங்கையினின்று வந்த கும்பினிப் படை அங்கே இறங்கிக் குளச்சலுக்கும் கோட்டாற்றுக்கும் இடைப்பட்ட நிலப்பகுதியைத் தன் வயமாக்கிக்கொண்டது. மணவாளக்குறிச்சி அவ்விடைவெளியிலே உள்ளது. பின்னாளில் நம் கரையின் கருமணலில் மோனசைட்டு என்னும் அரும்பொருள் உண்டென்று 1909-ம் ஆண்டில் ஒரு ஜெர்மானியர் கண்டறிந்தபின் அயல்நாட்டார் இம்மணலுக்காக வந்தனர். 1741-ல் வந்தவர்களோ மணலைக் கடந்து மிளகை நோக்கி நடந்தவர்கள்.

படையெடுத்தோர் தலைநகராகிய கல்குளத்தை, அதாவது பின்னர்ப் பத்மநாபபுரம் எனப் பெயர்பெற்ற ஊரை, நெருங்கினர். வடக்கே இருந்த மன்னர் விரைந்து திரும்பினார். தளவாய் இராமய்யன் துணை நின்றார். ஒல்லாந்தர் குளச்சலிலே தாம் அடித்த மரவேலிக் காப்புக்குள் ஒடுங்கினர். ஆடி மாதத்தில் நம் கடல் எவ்வாறிருக்கும் என்பதைக் கரையூரார்க்கு எடுத்துரைக்க வேண்டுவதில்லை. தென்மேற்குப் பருவக்காற்று அலையை மலையாக்கும் அந்நாட்களிற் கப்பலினின்று உணவோ மருந்தோ ஆளோ கரைசேர்தல் அரிது. அப்பொழுது திருவிதாங்கூர்ப் பீரங்கியின் குண்டொன்று காப்பிடத்தினுள் வெடிமருந்துப் பீப்பாயின்மேல் வீழ, அதனாலெழுந்த தீயில் அவர்கள் சேர்த்து வைத்திருந்த அரிசியெல்லாம் எரிந்து போயிற்று. பசித்த படை பணிந்தது. பனந்தடிகளை வண்டிகளில் ஏற்றிப் பீரங்கியெனக் காட்டியும், முக்குவர் துடுப்புகளைத் தோளிற் சாத்தித் துப்பாக்கி வீரரென நிழலிலே நின்றும் பகைவரை மருட்டினர் என்று எம்மூர்ப் பக்கத்து முதியோர் கூறும் கதையும் உண்டு. குளச்சலில் வெற்றித்தூண் ஒன்று இன்றும் நிற்கின்றது.

அன்று சிறைப்பட்ட ஐரோப்பியர் இருபத்துநால்வர் என்பர். அவருள் ஒருவர் டிலனாய். அவரே கும்பினிப் படையின் தலைவர் என்று கர்ணபரம்பரை கூறும். பத்மநாபபுரம் அரண்மனையிலுள்ள ஓவியமும் அவர் மன்னர்முன் மண்டியிட்டு ஆயுதத்தை ஒப்புவிப்பதாகவே தீட்டியுள்ளது. ஆயின் கும்பினியின் ஏடுகளைத் துருவி ஆய்ந்தோர், படைத்தலைவராயிருந்தவர் ஹாக்கர்ட் என்னும் கப்பித்தான் என்றும், டிலனாய் அக்காலத்தில் மிகத் தாழ்ந்த நிலையினரே என்றும் காட்டுவர். பின்னதே உண்மையாயின் அவர் பெருமை குறைவதன்று என்பது என் கருத்து. தோற்ற தளபதி ஒருவர் வென்றவரிடம் தளபதியானார் என்பதைவிட, யாரும் அறியாத ஒரு போர்வீரர் கைதியாகி, பின் ஒரு நாட்டின் சேனைக்கே தலைவரானார் என்பதன்றோ வியப்பு!

கைதிகள் புலியூர்க்குறிச்சிக் கோட்டையிலே வைக்கப்பட்டனர். மன்னர் அவர்களை வருத்தாது அன்போடு நடத்தி, ஆட்களை அறியும் தம் கூரிய நோக்கினால் டிலனாயையும், தொனாதி என்னும் மற்றொருவரையும் தேர்ந்து தம் பணியில் அமர்த்தினார். முதலில் அரசரின் மெய்காப்பாளர் சிலரை ஐரோப்பிய முறையில் அணிவகுத்து நிற்கவும், ஒருங்கே சுடவும், ஒரு சொல்லுக்குக் கட்டுப்பட்டு நடக்கவும் பழக்குமாறு டிலனாய் ஏவப்பட்டார். அதன் விளைவைக் கண்டு உவந்த மன்னர் படை முழுவதையுமே அவரிடம் பயிற்சிக்கு விடுத்தார். வாளும் கேடயமும் வில்லும் ஏந்தித் தனித்தனி வீரம் காட்டிய நாயர் படை, துப்பாக்கியும் பீரங்கியும் தாங்கிய சேனையாக மாறிற்று. உதயகிரிக் கோட்டை கருங்கல்லாற் புதுப்பிக்கப்பட்டது. அதனுள்ளே பீரங்கி வார்க்கும் உலைக்கூடம் எழுந்தது. மூன்று நான்கு ஆண்டுகளுக்குமுன் கைதியாய் நுழைந்த கோட்டைக்கு அவரே காவலரும் சிற்பியுமானார். ஐரோப்பியக் கிறிஸ்தவர்கள் வழிபடுவதற்கென அம்மதிலுக்குள் ஆலயமும் அமைந்தது. அதுவே இன்று கூரையின்றி நிற்பது.

டிலனாயின் போர்ச்செயல்களை விரிப்பின் பெருகும். காயங்குளம், செம்பகச்சேரி, தெக்கங்கூர், வடக்கங்கூர் ஆகிய நாடுகள் சில ஆண்டுகளுக்குள் திருவிதாங்கூரோடு இணைந்தன. இவற்றிலெல்லாம் அவர் பழக்கிய துப்பாக்கிகளின் ஒலி கேட்டது. 1753-ம் ஆண்டு மாவேலிக்கரையில் நிகழ்ந்த உடன்படிக்கையிற் கும்பினியார், திருவிதாங்கூர் மன்னரின் போர்களில் இனித் தலையிடுவதில்லை என ஒப்புக்கொண்டு கையெழுத்திட்டனர். பன்னிரண்டு ஆண்டுகட்குமுன் தாம் இழந்த ஒரு கைதியின் கைத்திறனும் அவ்வெழுத்தின் பின்னே நின்றது என்பதை அவர்கள் எண்ணாதிருந்திரார்.

இனி, இச்சரித்திரத்தில் என் மனத்தைப் பெரிதும் பற்றி நிற்கும் பகுதிக்கு வருகின்றேன்.

பத்மநாபபுரம் அரண்மனையில் அலுவல் பார்த்தவருள் நட்டாலத்தைச் சேர்ந்த நீலகண்டன் என்பவர் ஒருவர். 1712-ம் ஆண்டு ஏப்ரல் 23-ம் நாள் பிறந்தவர். டிலனாயைவிட மூன்றாண்டளவே மூத்தவர். அரண்மனைப் பணியாளருக்கும் கோட்டை கட்டுவோருக்கும் இடையே பழக்கம் ஏற்படுதல் இயல்பே. அக்காலத்தில் நீலகண்டருக்குத் தொடர்ந்து பல இழப்புகள் நேர்ந்தன. கால்நடைகள் மடிந்தன, பயிர்கள் அழிந்தன. மனம் சோர்ந்திருந்த நண்பருக்கு டிலனாய், வேதாகமத்தில் வரும் யோபு என்னும் பக்தனின் கதையை எடுத்துரைத்தார். ஆடுமாடுகளையும் மக்களையும் உடல்நலத்தையும் ஒருங்கிழந்தும் இறைவனைத் தூற்றாத அப்பக்தனின் வரலாறு நீலகண்டரின் உள்ளத்தில் ஆழப் பதிந்தது. அதன்பின் அவர் மேன்மேலும் வினவலானார். டிலனாய் தாம் அறிந்தவாறு விடையளித்தார். முடிவில், வடக்கன்குளத்தில் இருந்த யேசு சபைக் குரு புத்தாரி அடிகளாரிடம் அவரை அனுப்பினார். 1745-ம் ஆண்டு மே மாதம் 14-ம் நாள் நீலகண்டர் அங்கே ஞானஸ்நானம் பெற்று, லாசரு என்னும் பெயரின் தமிழாக்கமாகிய தேவசகாயம் என்ற பெயரைச் சூடினார். அவர் மனைவி பார்க்கவியும் ஞானப்பூ என்னும் பெயரோடு திருமறையைத் தழுவினார்.

நான்காண்டுகள் சென்றன. 1749-ம் ஆண்டு பெப்ருவரி 23-ம் நாள் தேவசகாயம் சிறைப்படுத்தப்பட்டார். அரண்மனை வழக்கங்களிற் பங்குகொள்ள மறுத்தது, எல்லாச் சாதியாரோடும் கலந்து பழகியது, அரசாங்க மறைச்செய்திகளை ஐரோப்பியரிடம் வெளியிட்டது எனக் குற்றங்கள் அடுக்கப்பட்டன. இறுதியாகக் கூறியதை நோக்குமின்! அவர் நெருங்கிப் பழகிய ஐரோப்பியரோ மன்னரின் படையையே நடத்துபவர். அரசின் வெடிமருந்துச் சாலைகள் யாவும் அறிந்த ஒருவருக்கு ஓர் அரண்மனை அலுவலர் வெளியிட வேண்டிய மறைபொருள் யாது?

கைகளைப் பிணித்து, எருமைமேல் ஏற்றி, ஊர்தோறும் அவரை இழுத்துச் சென்றனர். நாள்தோறும் அடித்தனர். புண்களிலும் மூக்கிலும் மிளகுப்பொடியைத் தூவினர். எந்த மிளகிற்காக ஒல்லாந்தர் கப்பலேறி வந்து, அதனாலேயே டிலனாய் இந்நாட்டில் அகப்பட்டனரோ, அம்மிளகு அவர் நண்பரின் புண்ணில் எரிந்தது. புலியூர்க்குறிச்சியில் நீர்வேட்கையால் நலிந்து அவர் முழந்தாட்படியிட்டு முழங்கையால் தட்டிய பாறையில் நீர் சுரந்தது என்பது பக்தர் நம்பிக்கை. முட்டிடிச்சான் பாறை என வழங்கும் அவ்விடத்தை நாடி இன்றும் மக்கள் திரள்கின்றனர். அப்பாறைக்கும் உதயகிரிக் கோட்டைக்கும் இடையே உள்ள தூரத்தைக் கால்நடையாகவே கடந்துவிடலாம். ஒரே ஊரில், நண்பர் ஒருவர் பாறைமேல் நீருக்கு ஏங்கிக் கிடந்தார். மற்றவர் மதிலுக்குட் பீரங்கி வார்த்துக்கொண்டிருந்தார்.

மூன்றாண்டுகள் இவ்வாறு கழிந்தபின், 1752-ம் ஆண்டு ஜனவரி மாதம் 14-ம் நாள், ஆரல்வாய்மொழியை அடுத்த காற்றாடிமலையில் தேவசகாயத்தை அரசரின் வீரர் சுட்டுக் கொன்றனர். துப்பாக்கி பிடிக்கும் முறையை அந்நாட்டுப் படைக்குக் கற்பித்தவர் யாவர் என்பதை யான் சொல்ல வேண்டுவதில்லை. எலும்புகள் கோட்டாற்றுச் சவேரியார் ஆலயத்தில் அடக்கம் செய்யப்பட்டன. 2012-ம் ஆண்டு டிசம்பர் 2-ம் நாள் நாகர்கோவிலில் அவர் முத்திப்பேறு பெற்றவராகவும், 2022-ம் ஆண்டு மே 15-ம் நாள் உரோமையிற் புனிதராகவும் அறிவிக்கப்பட்டார்.

டிலனாய் மன்னரின் சேவையை விட்டு நீங்கவில்லை. 1752-க்குப் பின்னும் இருபத்தைந்து ஆண்டுகள் அவர் அந்த அரசிற்கே உழைத்தார். மார்த்தாண்ட வர்மர் 1758-ல் இறந்தபின், தர்மராஜா எனப் போற்றப்படும் இராம வர்மருக்கும் அவ்வாறே உழைத்தார்.

இதனை என்னென்பது? எங்கள் விடுதியில் இதுபற்றி நண்பர் சிலரோடு சொல்லாடியதுண்டு. டிலனாய் ஒரு கைதியே அன்றி விருந்தினர் அல்லர் என்று ஒருசாரார் கூறினர். கும்பினியிடம் திரும்பிச் சென்றாற் பகைவர்க்குப் படைபயிற்றிய குற்றத்திற்குத் தூக்குக்கயிறே அவருக்குக் காத்திருக்கும். மனைவியும் இளங்குழந்தையும் கோட்டைக்குள் இருந்தனர். அவரை நம்பி உடன்கைதிகளும், அவ்வாலயத்திற் கூடும் சிறு சபையும் இருந்தன. அவர் வெகுண்டெழுந்திருப்பின் அவர்கள் அனைவர் கதியும் என்னாகும்? இவ்வாறு கூறுவோரின் சொல்லில் உண்மை உண்டு. ஆயினும் தேவசகாயத்திற்கும் மனைவி இருந்தார். வீடும் நிலமும் அரண்மனைப் பதவியும் இருந்தன. அவர் அவற்றைத் தட்டிலிட்டு நிறுத்துப் பார்த்துக்கொண்டிராமல் விட்டுவிட்டார். யோபுவின் கதையைக் கேட்டவர் அதன்படி இழந்தார். சொன்னவர் தம் ஆடுமாடுகளோடு நன்றாகவே வாழ்ந்தார். அவரைக் கோழையென்று கூற என் நா எழவில்லை. போர்முனையில் அவர் காட்டிய ஆண்மை அவ்வாறு கூறவொட்டாது. ஆனால் அந்த மூன்றாண்டுகளில் ஞாயிறுதோறும் அவ்வாலயத்தில் முழந்தாளிட்டபோது, சுவருக்கு அப்பால் உள்ள பாறையை அவர் மறந்திருத்தல் இயலாது என்றே எண்ணுகின்றேன்.

அவர் பின்னாளைய உழைப்பெல்லாம் பெரிதும் மதில் எழுப்புவதிலேயே சென்றது. கன்னியாகுமரிக்கு அருகே கடலோரத்தில் உள்ள வட்டக்கோட்டை அவர் புதுப்பித்தது. பெயரில் வட்டமிருப்பினும் வடிவம் நாற்கோணமே. வடவெல்லையிற் கடலருகே தொடங்கி ஆனைமலைச் சாரல்வரை ஏறத்தாழ முப்பது மைல் நீண்ட நெடுங்கோட்டை அவருடைய மற்றொரு படைப்பு. கோழிக்கோட்டுச் சாமூதிரியைக் கொச்சி நாட்டினின்று விரட்டிய 1762-ம் ஆண்டுப் போரை ஒட்டி எழுந்தது அவ்வரண். மண்ணாலும் கல்லாலும் அணை கோலி, அதன்முன் அகழி வெட்டி, முள்மூங்கில் அடர்த்தி, இடையிடையே காவற் கொத்தளங்கள் நிறுவினர். அவர் இறந்து பன்னிரண்டு ஆண்டுகளுக்குப் பின் 1789 டிசம்பரில் திப்பு சுல்தான் பெரும்படையோடு வந்து மோதியபோது, முதல் முயற்சியில் அவரையே பின்னிடச் செய்தது அம்மதில். அடுத்த ஆண்டிலேயே அதனை அவர் உடைக்க முடிந்தது.

ஆயின் எந்த மதிலும் அவர் இல்லத்தைக் காக்கவில்லை. களக்காட்டுப் பகுதி திருவிதாங்கூருக்கும் ஆர்க்காட்டு நவாபின் ஆட்களுக்கும் இடையே நெடுநாள் இழுபறியாயிருந்தது. 1765-ம் ஆண்டு அங்கு நிகழ்ந்த போரில் டிலனாயின் மகன் யோவான் மடிந்தான். அவனுக்கு வயது இருபதளவே. கணக்கிட்டுப் பார்ப்பின் தேவசகாயம் வடக்கன்குளத்தில் ஞானஸ்நானம் பெற்ற காலத்தை ஒட்டிப் பிறந்த பிள்ளை அவன். தந்தையின் சொல்லுக்கு அணிவகுக்கும் படையில், தந்தை சேவித்த அரசுக்காக உயிரீந்தான். நம் கல்லூரியில் இன்று இரண்டாம் மூன்றாம் வகுப்பிற் பயிலும் மாணவரின் வயது! உடலை உதயகிரிக்குக் கொணர்ந்து ஆலயத்திலே அடக்கினர்.

யோபுவின் கதையை நண்பனுக்குச் சொன்ன நாளில் டிலனாய்க்கு வயது முப்பது. அதனை அப்போது ஒரு நூலிலிருந்து எடுத்து உரைத்தார். ஐம்பதாம் வயதில் அது அவர் வீட்டு வாயிலில் வந்து நின்றது. அதன் பின்னரும் பன்னிரண்டு ஆண்டுகள் அவர் வாழ்ந்தார். நெடுங்கோட்டை வேலையையும் படைப்பயிற்சியையும் விடவில்லை. மகனின் கல்லறையோ அவர் வாழ்ந்த கோட்டைக்குள்ளேயே இருந்தது. ஆலயத்திற்குச் செல்லுந்தோறும் அதனைக் கடந்தே அவர் செல்ல வேண்டும்.

1777-ம் ஆண்டு ஜூன் முதல் நாள் அவர் காலமானார். உதயகிரியிலேயே, தாம் கட்டிய மதிலுக்குள், மகனருகே அடக்கம் பெற்றார். மனைவி மார்கரெட்டின் கல்லறையும் அங்கேயே உள்ளது. அவர் கல்லில் இலத்தீனிலும் தமிழிலும் எழுத்துக்கள் வெட்டப்பட்டுள்ளன. பொறிப்பிலே இலத்தீன் பகுதி, வழிப்போக்கனை நிற்கச் சொல்லித் தொடங்குகின்றது. திருவிதாங்கூர்ப் படைக்குத் தலைமை தாங்கி, முப்பத்தேழு ஆண்டுகளளவு மிகுந்த நற்பேற்றோடும் உண்மையோடும் அரசருக்கு ஊழியஞ் செய்து, காயங்குளம் முதல் கொச்சிவரையுள்ள நாடுகளையெல்லாம் ஆயுத பலத்தாலும் அச்சத்தாலும் அவருக்கு அடிப்படுத்தினார் என்று கூறி, அமைதியில் இளைப்பாறுமாறு வேண்டி முடிகின்றது. நாற்பதாண்டளவு வாழ்க்கைக்கு அது சரியான கணக்கே. அரசருக்கு உண்மையாயிருந்தார் என்பதனை யாரும் மறுக்கவியலாது. பிறந்த ஊரின் பிரெஞ்சு மொழியோ, ஊதியம் அளித்த கும்பினியின் ஒல்லாந்த மொழியோ அக்கல்லில் இடம்பெறவில்லை. திருச்சபையின் மொழியும் நம் மொழியுமே பெற்றன. தமிழ் பயிலும் மாணவன் என்ற முறையில் இதனை எண்ணி யான் மகிழ்வதுண்டு. நாட்டை விட்டு நீங்காதவருக்கு நாட்டின் மொழி அளித்த இடம் அது.

அவருக்குப்பின் கோட்டை நெடுங்காலம் வறிதாய் இருக்கவில்லை. ஆங்கிலக் கும்பினியின் படைப்பிரிவுகள் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இடைக்காலம் வரை அங்குத் தங்கியிருந்தன. அவர்களுள் இறந்த சிலருடைய கல்லறைகளும் டிலனாயின் குடும்பத்தாரருகே சேர்ந்தன. சேனை நீங்கியபின் உலைக்கூடம் அவிந்தது. ஆலயத்தின் கூரை வீழ்ந்தது. 1956-ம் ஆண்டு நவம்பர் முதல் நாள் இப்பகுதி தமிழகத்தோடு இணைந்தபின், அவர் கட்டிய கோட்டை தமிழ்நாட்டிலும், நெடுங்கோட்டையின் எச்சங்கள் கேரளத்திலுமாகப் பிரிந்தன. பத்மநாபபுரம் அரண்மனை மட்டும் நம் மண்ணில் நின்றுகொண்டே கேரள அரசின் பொறுப்பில் உள்ளது. பிற்காலத்தில் வனத்துறையினர் கோட்டைக்குள்ளே உயிரினப் பூங்கா ஒன்றை அமைத்தனர்.

மதில்கள் மட்டும் பெரும்பாலும் உறுதியாகவே நிற்கின்றன. அவற்றின் வாயிலைக் கடந்து உட்புகுந்து, மரங்களினூடே சிறிது நடந்தால் ஆலயத்தின் சுவர்கள் தோன்றும். தளத்திற் கல்லறைக் கற்கள் உள்ளன. தந்தையின் கல்லில் எழுத்துக்கள் இன்னும் படிக்கத்தக்கனவாய் உள்ளன. திரும்பி வெளியே வந்து பெருவழியை அடைந்தால், முட்டிடிச்சான் பாறைக்குச் செல்வோரை எந்நாளும் காணலாம்.